கையெழுத்து செல்லுமா? இன்ஜினியருக்குச் சங்கம் எதற்கு, லைசென்ஸ் எதற்கு

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.இ. மெக்கானிக்கல் முடித்து நான்கு வருடம், மணலியில் ஒரு பைப்பிங் கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். "வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிற மாதிரி நமக்கு ஏதாவது உண்டா? இன்ஸ்டிடியூஷனில் மெம்பர் ஆகச் சொல்கிறார்கள், பணம் கட்டினால் என்ன கிடைக்கும்? கூடப் பிறந்தவன் சிவில் இரண்டாம் வருடம் படிக்கிறான், அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்கிறார். திருவொற்றியூரில் குடியிருந்துகொண்டு மணலியில் முப்பத்தாறு வருடம் பாய்லரோடு குப்பை கொட்டியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பார் கவுன்சில் மாதிரியா? கிடையாது. வக்கீலுக்கு 1961ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, ஆர்க்கிடெக்டுக்கு 1972ஆம் வருடச் சட்டம், ஆடிட்டருக்கு 1949. இன்ஜினியருக்கு மட்டும் நாடு முழுவதற்குமான அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. மசோதா எழுதினார்கள், பேசினார்கள், சட்டமாகவில்லை. ஆர்க்கிடெக்ட் அல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. இன்ஜினியர் என்ற பெயருக்கு அந்தக் காவல்கூடக் கிடையாது. பட்டம் வாங்கிய மறுநாளே வாசலில் போர்டு மாட்டலாம். வாங்காதவரும் மாட்டலாம், நம் பக்கம் மாட்டியும் இருக்கிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. வக்கீல் தப்பு செய்தால் கோட்டைக் கழற்றி வைக்கச் சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. இன்ஜினியர் தப்பு செய்தால், பாதிக்கப்பட்டவர் போலீஸ் ஸ்டேஷனுக்கோ நுகர்வோர் நீதிமன்றத்துக்கோ நடக்க வேண்டியதுதான்.

அதற்காக நமக்கு லைசென்சே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கு லைசென்ஸ் இல்லை, வேலைக்கு லைசென்ஸ் உண்டு. பாய்லர் ஓட்ட ஒன்று, மின் வேலைக்கு ஒன்று, வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட ஒன்று, கப்பலின் இன்ஜின் அறையில் நிற்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி அலுவலகம். ஆகவே 'நான் லைசென்ஸ் வாங்க வேண்டுமா' என்று கேட்பதைவிட, 'நாளைக்கு எந்தக் காகிதத்தில் என் கையெழுத்து செல்ல வேண்டும்' என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதற்குப் பதில் தெரிந்தால் போக வேண்டிய அலுவலகமும் தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் 'சங்கம்' என்ற வார்த்தையால் வருவது. பெரம்பூர் பின்னி ஆலைக்காரர்களுக்காக 1918ல் வாடியாவைத் தலைவராக வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்த ஊர் இது. இங்கே சங்கம் என்றால் கொடி, கேட் மீட்டிங், போனஸ். நான் இன்ஜினியர்கள் அமைப்பில் மெம்பர் ஆன அன்று வீட்டில் சொன்னேன். ஆலைத் தொழிலாளியான என் அப்பா கேட்டது இதுதான்: "எவ்ளோ ஏத்திக் குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்கப்பா. நாமதான் பணம் கட்டணும். புக்கு அனுப்புவாங்க."

"அப்புறம் இன்னாத்துக்குடா அது சங்கம்?"

நியாயமான கேள்வி. சம்பளத்துக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் நிற்பது தொழிற்சங்கம். மின்வாரியம், பொதுப்பணித்துறை மாதிரி இடங்களில் இன்ஜினியர்களுக்கென்றே பணிச் சங்கங்கள் இருக்கின்றன, பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாம் அவர்கள் பேசுவார்கள். லைசென்ஸ் தருவது அரசு அலுவலகம் அல்லது அரசு அமைத்த வாரியம். அது உங்களுக்காக இல்லை, பொதுமக்களுக்காக இருக்கிறது. மூன்றாவது ரகம், அப்பா கேட்ட அந்தச் சங்கம். அறிவுக்கான சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் தமிழுக்கு இருந்ததே, அந்த வகை.

நம்மூரில் அந்த ரகத்தில் மூத்தது இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ். 1920ல் கம்பெனிச் சட்டத்தில் பதிவானது சென்னையில்தான். அடுத்த வருடம் தொடக்க விழா கல்கத்தாவில் நடந்து, தலைமையிடமும் அங்கேயே அமைந்தது. 1935ல் ராயல் சார்ட்டர், அதாவது பிரிட்டிஷ் அரசரின் சாசனம் வாங்கியது. இங்கே சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் அதன் மாநில மையம் இருக்கிறது. இந்த அமைப்பு எனக்கு என்ன செய்தது என்று கேட்டால், நன்றி மறக்காமல் சொல்ல வேண்டும். என்னை இன்ஜினியர் ஆக்கியது அதுதான்.

நான் 1979ல் வேலைக்குச் சேர்ந்தபோது வெறும் டிப்ளமோ. மூன்று ஷிப்ட். இன்ஸ்டிடியூஷன் நடத்திய ஏஎம்ஐஇ பரீட்சையில் செக்ஷன் ஏ, செக்ஷன் பி இரண்டையும் தாண்டினால் பட்டத்துக்குச் சமம் என்று அரசு ஏற்றுக்கொண்டிருந்த காலம். எங்கள் ஏரியாவில் ஷிப்டுக்குப் போகிறவன் கல்லூரி வாசலை மிதிக்காமல் மேலே வருவதற்கு இருந்த ஒரே ஏணி அது. ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து, உரத் தொழிற்சாலையிலிருந்து, எண்ணூர் பவர் ஹவுஸிலிருந்து என்று பலர் எழுதினோம். நைட் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, பத்து மணி வரை தூங்கி, ரயில் பிடித்து எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போவேன். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலிக்குப் போட்டியே நடக்கும். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று நின்றுகொண்டே படித்த ஆட்களும் உண்டு. கணக்கு பேப்பர் என்னை மூன்று முறை கவிழ்த்தது. மொத்தம் ஒன்பது வருடம். எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் "இன்னா, பாஸா?" என்பார், எட்டு வருடம் அந்தக் கடையைச் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

அந்த ஏணி இன்று இல்லை. 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சமநிலை அங்கீகாரம். அதற்குப் பிறகு சேர்ந்து எழுதி, அரசு வேலைக்குப் பட்டம் என்று காட்டப் போனால் திருப்பி அனுப்புவார்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் சைட்டில் டிப்ளமோ முடித்த ஃபோர்மேன்கள் இருப்பார்கள். பழைய பெருமையைச் சொல்லி யாராவது கோச்சிங் பணம் கேட்டால் அவர்களை எச்சரிக்கை செய்யுங்கள். பட்டம் வேண்டும் என்றால் வேலை பார்ப்பவர்களுக்கான பி.இ. இருக்கிறது, அந்த வழி போகட்டும்.

உங்களுக்கு பி.இ. இருப்பதால் நேரடியாக மெம்பர்ஷிப் கிடைக்கும். அனுபவம் சேர்ந்தால் 'சார்ட்டர்டு இன்ஜினியர்' சான்றும் வாங்கலாம். இதை விசிட்டிங் கார்டுக்கு நகை என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஆனால் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் போய்ப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பழைய மெஷின் இறக்குமதி ஆனால், அதன் வயது என்ன, மிச்ச ஆயுள் எவ்வளவு, விலை சரிதானா என்று சார்ட்டர்டு இன்ஜினியர் பார்த்துச் சான்று தர வேண்டும். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் நம் பகுதியில் அதை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பேங்க் கடனுக்கு மெஷின் மதிப்புப் போடுவதும் இப்படித்தான் இருந்தது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் மதிப்பீட்டுக்கு 2017 விதிகளுக்குப் பிறகு 'ரிஜிஸ்டர்டு வேல்யூயர்' என்று தனிப் பரீட்சை வந்துவிட்டது. ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும்: இங்கே வாங்குகிற சார்ட்டர்டு இன்ஜினியர் வேறு, இங்கிலாந்து இன்ஜினியரிங் கவுன்சில் தருகிற சார்ட்டர்டு இன்ஜினியர் வேறு. பெயர் ஒன்றுதான், ஆனால் துபாய் இன்டர்வியூவில் ஒன்றைக் காட்டி மற்றொன்று என்று சொல்ல முடியாது.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். மணலியில் பைப்பிங் என்றால் ஸ்டீம் லைன் இல்லாமல் இருக்காது. ஸ்டீம் என்றால் ஐபிஆர், அதாவது இந்திய பாய்லர் விதிகள்.

1863ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் செத்தார்கள். அடுத்த வருடமே வங்காளத்தில் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு ஒரு சட்டம் என்று கொஞ்ச காலம் ஓடி, 1923ல் நாடு முழுவதற்கும் ஒரே பாய்லர் சட்டம். 1950ல் ஐபிஆர் என்கிற விதித் தொகுப்பு. இப்போது 1923 சட்டத்தின் இடத்தில் 2025ஆம் வருடப் புதிய சட்டம். அமெரிக்காவிலும் இதே கதைதான், வழிதான் வேறு. 1905ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டனில் ஒரு ஷூ தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் போனார்கள். அங்கே விதி எழுத உட்கார்ந்தது மெக்கானிக்கல் இன்ஜினியர்களின் சங்கம், அதாவது ஏஎஸ்எம்இ. உங்கள் சைட் டிராயிங்கில் மூலையில் அந்த நான்கு எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சங்கம் எழுதியதை அரசு சட்டமாக்கிக்கொண்டது, இங்கே அரசே எழுதிக்கொண்டது. நம் சங்கங்கள் கொஞ்சம் பலம் குறைந்து இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய பாய்லர் இருந்தால் அதற்குப் பொறுப்பாக பிஓஇ ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர். 2011 விதிகளின்படி எழுத்துத் தேர்வும் நேர்முகமும் உண்டு. சின்ன பாய்லர்களுக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு அட்டெண்டன்ட் சான்று. வெல்டர்களுக்குத் தனி. டெஸ்ட் பீஸ் அடித்துக் காட்டி அது பாஸ் ஆனால் இரண்டு வருடத்துக்குச் சான்று, பிறகு மறுபடியும். நாட்டில் இன்ஜினியரைவிட வெல்டருக்குத்தான் அடிக்கடி பரீட்சை. இதை நான் பல மீட்டிங்கில் சொல்லி, சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கிறார்கள்.

வருட இன்ஸ்பெக்‌ஷன் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? பாய்லரை அணைத்து, ஆற விட்டு, மேன்ஹோல் திறந்து வைத்திருப்போம். உள்ளே டிரம்மில் தவழ்ந்துதான் போக வேண்டும். இன்ஸ்பெக்டர் டார்ச்சை நேராக அடிக்க மாட்டார், தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடிப்பார். அப்போதுதான் அரிப்பு விழுந்த குழி நிழல் காட்டும். ஹைட்ரோ டெஸ்ட்டில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி நிறுத்திவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். வெல்டிங் ஓரத்தில் முத்து முத்தாக வியர்த்தால் அன்றைய வேலை போச்சு. புது பாய்லர் என்றால் அடித்த நம்பர் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுப்போம். சின்ன வயதில் நாலணா மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதே விளையாட்டு. அந்தப் பென்சில் தேய்ப்பு ஃபைலில் இருக்கும். அது இருந்தால்தான் அந்த இரும்புக்குப் பேர், ஊர், பிறந்த தேதி.

பிஓஇ சான்று எனக்கு என்ன தந்தது என்பதற்கு ஒரு சம்பவம். தொண்ணூறுகளில், ஒரு ஆலையில், ஒரு மழைக்கால இரவு. சேஃப்டி வால்வு முழுதாகத் திறக்காமல், மூடவும் இல்லாமல் புஸ்புஸ் என்று ஸ்டீமை விட்டுக்கொண்டிருந்தது. பிளான்ட்டுக்கு அழுத்தம் போதவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். "ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து டைட் பண்ணுப்பா, காலைல பார்த்துக்கலாம்" என்றார். வால்வில் ஈய சீல் தொங்குகிறது. சேஃப்டி வால்வில் கை வைப்பது பாய்லர் சட்டத்தில் குற்றம். நான் பயந்த சுபாவம், மேனேஜரை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாதவன். ஆனால் பாய்லருக்குப் பொறுப்பு என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த காகிதத்தில் என் பெயர்தான் இருந்தது, அவர் பெயர் இல்லை. "சார், லாக் புக்ல நீங்க சொன்னீங்கன்னு எழுதிடட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். லோடைக் குறைத்து ஓட்டினோம், காலையில் வேறு பாய்லருக்கு மாற்றி வால்வைக் கழற்றினோம். வால்வு மூடி உட்காருகிற சீட்டில் ஒரு கீறல். மேனேஜர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அன்றைக்கு எந்தச் சங்கமும் எனக்காக வரவில்லை. வரவும் வராது. சான்றிதழ் வந்தது. 'முடியாது' என்று சொல்வதற்கு அந்தக் காகிதத்தைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. ஆகவே உங்களுக்கு முதலில் பிஓஇ. பாய்லர் பக்கம் போவதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். பைப்பிங்கிலேயே இருப்பதென்றால் வெல்டிங் பரிசோதனைப் பக்கம் என்டிடி, அதாவது பொருளை உடைக்காமல் சோதிக்கிற முறைக்கான சான்றுகள் உடனே சோறு போடும். அதற்கான இந்தியச் சங்கத்தின் தலைமையகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. சங்கமே பயிற்சி தந்து, பரீட்சை வைத்து, சான்றும் தருகிற ரகம் அது.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. சூப்பர்வைசர், வயர்மேன் தகுதிச் சான்றும், கான்ட்ராக்டர் லைசென்சும் கிண்டியில் இருக்கிற தமிழ்நாடு மின் உரிம வாரியம் தருகிறது. பி.இ. எலக்ட்ரிக்கல் என்பதால் மட்டும் பேனலைத் தொட உரிமை வந்துவிடாது. லிஃப்டும் இந்த மின் ஆய்வுத் துறையின் கீழ்தான், 1997 சட்டப்படி.

கப்பல் பக்கம் ராயபுரத்துப் பையன்கள் நிறையப் பேர் போகிறார்கள். அவர்களுக்கு எல்லாமே ராஜாஜி சாலையில் இருக்கிற எம்எம்டி ஆபீஸ்தான், கப்பல்காரர்களுக்குச் சான்று தருகிற மத்திய அரசு அலுவலகம். கிளாஸ் ஃபோர், டூ, ஒன் என்று படிப்படியாகச் சான்று. எழுத்துத் தேர்வைவிட ஓரல்ஸ்தான் பலருக்குக் கண்டம். அந்த ஆபீஸ் வாசலில் டீக்கடைப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உதடு அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டு நிற்கும் பையனைப் பார்த்தால், அவன் மந்திரம் சொல்லவில்லை, பர்ஜ் வால்வு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிப் பார்க்கிறான். உலகம் முழுக்கச் செல்லும் சான்று அது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எல்லா இன்ஜினியர்களுக்கும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் பொறாமைப்படுவது அவர்களைப் பார்த்துத்தான்.

சரி, சிவில் தம்பி.

அவன் துறைதான் கையெழுத்துக்கு அதிக விலையும், அதிகக் கேவலமும் உள்ள துறை. 2014 ஜூன் 28, மௌலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடி ஒரு மழை மாலையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர். பெரும்பாலும் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். அதற்குப் பிறகுதான் இங்கே, யார் ஸ்ட்ரக்சர் கணக்குப் போட்டது, யார் மண்ணைச் சோதித்தது, யார் நின்று பார்த்தது என்று பெயர் பெயராகக் கேட்கிற வழக்கம் இறுகியது. 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 'பதிவு பெற்ற தொழில்வல்லுநர்' என்று ஒரு பட்டியலே இருக்கிறது. இன்ஜினியர் கிரேடு ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தனி. மண்ணுக்கு ஜியோ டெக்னிக்கல் இன்ஜினியர். கட்டுமானத்தை நின்று பார்க்கிறவர் தனி. குவாலிட்டி ஆடிட்டர் தனி. பதிவு செய்திருந்தால்தான் கையெழுத்து செல்லும். தப்பு செய்தால் பதிவை எடுத்துவிட முடியும். முழு நாட்டுக்கும் இல்லாத பார் கவுன்சில், வீடு கட்டுகிற விஷயத்தில் மட்டும் ஒரு அளவுக்கு இங்கே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் விதி ஒரு பக்கம், வண்ணாரப்பேட்டைச் சந்து ஒரு பக்கம். நம் பக்கம் அரை கிரவுண்டு இருந்தாலே பணக்காரர். அறுநூறு சதுர அடி, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், மேலே இரண்டு மாடி, மொட்டை மாடியில் ஒரு அறை. இங்கே வரைபடம் போட்டுத் தருகிற ஒரு கடைக்குத் தெரிந்தவர் வீட்டு வேலையாகப் போயிருந்தேன். பையன் கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் பழைய பிளானை இழுத்து, அகலத்தைக் குறைத்து, பெயரை மாற்றினான். பிறகு டிராயரைத் திறந்து ஒரு பிஸ்கெட் டின்னை எடுத்தான். உள்ளே மூன்று ரப்பர் ஸ்டாம்ப், மூன்று வெவ்வேறு இன்ஜினியர்கள். "எந்த சார் வேணும்?" என்று கேட்டான். அந்த மூன்று பேரும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. மாதா மாதம் ஏதோ ஒரு தொகை போகிறதாம். கையெழுத்தை வாடகைக்கு விடுவது. மருந்துக் கடைகளிலும் இது நடக்கிறது என்பார்கள், ஆனால் மாத்திரைக் கடை இடிந்து விழாது.

இப்போது இன்னொரு மாற்றம். 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரை உள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டுகிற வீட்டுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே அனுமதி. ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி என்று நினைத்துப் பார்த்தால், நம் பகுதியின் தனி வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். ஜனங்களுக்கு அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் ஆபீஸில் இருந்த ஒரு ஜோடிக் கண் குறைகிறது. அப்போது மிச்சம் இருப்பது யாருடைய கண்? பிஸ்கெட் டின்னில் ஸ்டாம்ப் வைத்திருப்பவருடையதா? உங்கள் தம்பி நாளைக்கு இந்த இடத்தில்தான் வந்து நிற்பான். நம் கடற்கரை ஓரம் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் களிமண். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புக் கட்டடம் காலையில் சரிந்தது. விரிசலைப் பார்த்துவிட்டு ஜனங்களே வெளியே ஓடியதால் ஒரு உயிரும் போகவில்லை. நான் போய்ப் பார்த்தேன். இடிபாட்டின் மேல் ஒரு குக்கர் மூடி போட்டபடியே கிடந்தது. அன்றைக்கு இன்ஜினியர் வேலை பார்த்தது அங்கே குடியிருந்தவர்கள்.

சிவில் சங்கங்களில் எனக்கு மரியாதை உள்ளது இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட். 1982ல் ஆரம்பித்தது, தலைமையகம் சென்னை. மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், சாயங்காலப் பேச்சுக்கு யாரும் போய் உட்காரலாம். இப்படிப்பட்ட இடங்களுக்கு எதற்குப் போக வேண்டும் என்றால், முதல் வரிசையில் இருக்கிற பேச்சாளருக்காக அல்ல, டீ நேரத்துக்காக. 'உன் சைட்டில் கான்கிரீட்டைத் துளைத்து கோர் எடுத்தபோது என்ன ஆச்சு' என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நம் நாட்டு கான்கிரீட் விதியான ஐஎஸ் 456, 1953ல் முதலில் வந்து 2000ல் முழுதாகத் திருத்தப்பட்டது. இப்படிப்பட்ட விதிகளை எழுதும் கமிட்டிகளில் உட்காருகிறவர்களும் இந்தக் கூட்டங்களில் டீ குடிப்பவர்கள்தான். குறை இருந்தால் நேரில் சொல்லலாம்.

குறையும் சொல்ல வேண்டும். பல சங்கங்கள் ரிட்டையர் ஆனவர்களின் மாலை நேரக் கிளப்பாக ஆகிவிட்டன. செப்டம்பர் 15 விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாள், படத்துக்கு மாலை, நான்கு சால்வை, சாப்பாடு. அங்கே சால்வை போர்த்தப்பட்டவர்களில் நானும் ஒருவன், ஆகவே உரிமையோடு திட்டுகிறேன். கையெழுத்துப் போட மறுத்ததால் வேலை போன ஒரு பையன் போய் நின்றால், அவனுக்கு ஒரு வக்கீலை ஏற்பாடு செய்யவோ, 'இவர் செய்தது சரி' என்று லெட்டர் பேடில் நாலு வரி எழுதித் தரவோ எந்தச் சங்கமும் முன்வந்து நான் பார்த்ததில்லை. நன்னெறி விதிகள் என்று அழகாக அச்சடித்துத் தருகிறார்கள். அந்த நெறிப்படி நடந்து அடிபடுகிறவனுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. எங்கப்பாவின் சங்கம் இந்த ஒரு விஷயத்தில் ரொம்ப மேல்.

வெளிநாடு போகிற எண்ணம் உங்களுக்கு இருக்கும். மணலியில் வேலை பார்க்கிற யாருக்குத்தான் இல்லை. குவைத்தில் 2018ல் ஒரு குழப்பம் நடந்தது. விசாவில் இன்ஜினியர் என்று போட வேண்டுமானால் குவைத் இன்ஜினியர்கள் சங்கத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். அந்தச் சங்கமோ, இந்தியாவில் என்பிஏ (தொழில்நுட்பப் படிப்புகளைத் தரம் பார்த்து அங்கீகரிக்கிற தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள படிப்பா என்று பார்த்தது. பத்து, பதினைந்து வருடம் அங்கே வேலை பார்த்த நம் ஆட்கள் முழித்தார்கள். என் சொந்தக்காரர் ஒருவர் சூப்பர்வைசர் என்று பெயரை மாற்றிக்கொண்டு அதே மேஜையில் அதே வேலை பார்த்தார். பாருங்கள், இங்கே அப்பா கிண்டல் செய்த அதே ரகச் சங்கம், அங்கே ஒருவன் பெயருக்கு முன்னால் இன்ஜினியர் என்று வரலாமா கூடாதா என்று முடிவு செய்கிறது. சவூதியிலும் இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிவு கட்டாயம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ். 1907ல் வயோமிங்கில் ஆரம்பித்த வழக்கம் அது.

அதனால் உங்கள் தம்பியிடம் ஒன்றை இப்போதே கேட்கச் சொல்லுங்கள். என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடையாது, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி, அதுவும் குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும். வாசல் போர்டில் என்பிஏ என்று இருந்தால் அது சிவிலுக்கா, எந்த வருடம் வரை என்று பார்க்க வேண்டும். ஒரு நாட்டின் இன்ஜினியரிங் படிப்பை மற்ற நாடுகள் சமமாக ஏற்றுக்கொள்கிற வாஷிங்டன் உடன்பாட்டில் 2014ல் இந்தியா முழு உறுப்பினர் ஆனது. ஆனால் அதன் பலன் என்பிஏவிடம் டயர் ஒன் என்ற வகையில் அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்குத்தான். அட்மிஷன் நேரத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கீகாரக் கடிதத்தின் நகல் ஒன்றை எடுத்து மார்க் ஷீட்டோடு வைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். பிஓஇக்கோ, சார்ட்டர்டு இன்ஜினியருக்கோ, வேறு எந்தச் சான்றுக்கோ போனாலும் அனுபவம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். கான்ட்ராக்டர் சைட் மாறுவார், கம்பெனி பெயர் மாறும், சில சமயம் ஆளே காணாமல் போவார். மூன்று வருடம் கழித்துத் தேடினால் சான்று தர யாரும் இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இதனாலேயே பரீட்சைக்கு உட்கார முடியாமல் போனார்கள். எந்தத் தேதி, எந்த லைன், எந்த பாய்லர் நம்பர், எத்தனை கிலோ அழுத்தம், ஹைட்ரோவில் யார் நின்றார்கள் என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். மாதக் கடைசியில் சைட் இன்சார்ஜிடம் கையெழுத்து வாங்கி, சீல் போட்டு, போட்டோவும் எடுத்து வையுங்கள். நான்கு வருடம் எழுதாமல் விட்டதை இப்போதே உட்கார்ந்து நினைவு இருக்கும் வரை எழுதிவிடலாம். உங்கள் பழைய இன்சார்ஜ் இன்னும் மணலியிலேயே இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள்.